புதுக் கன்றுக்கு நாற்பது நாள்

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் வீரமுனையில் காலை பத்து மணிக்கே முற்றத்து மணல் சுடும். அப்படியொரு ஆனி மாதத்தில்தான் அந்தப் பைக்கஸ் கன்றை வாங்கினேன். கல்முனைக்குப் போகும் வழியில் லொறியை ஓரமாக நிறுத்திப் பூங்கன்று விற்றுக்கொண்டிருந்தார்கள். நெஞ்சளவு உயரம். மூன்று தண்டுகளைச் சடைபோலப் பின்னி வளர்த்திருந்தார்கள். மேலே குடைபோல இலை. லொறியின் பலகையோடு உரசி வந்த பக்கத்தில் மட்டும் இலைகள் கிழிந்திருந்தன. சில நுனி கருகியும், சில நடுவே மடிந்து கறுத்தும் கிடந்தன. அதற்காக விலையைக் குறைத்தே தந்தார் விற்றவர்.

"தம்பி, இது வழியில பட்ட அடிதான். கொண்டு போய் நேரா வெயில்ல வெச்சிராதிங்க. கொஞ்ச நாளைக்கு ஒண்டும் செய்யாம விடுங்க" என்றார்.

"சரி காக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதற்கு நேர்மாறாக நடந்தேன். மேற்குப் பார்த்த விறாந்தைப் படியில் வைத்தேன். காலையும் மாலையும் வாளியால் தண்ணீர் ஊற்றினேன். அடிபட்ட கன்றுக்குச் சத்து வேண்டும் என்று நினைத்து ஒரு பிடி யூரியாவும் போட்டேன். ஐந்தாம் நாள் விடியற்காலை அம்மா முற்றம் கூட்டும்போது பச்சை இலைகள் குவியலாகச் சேர்ந்தன. "மனே, இது பட்டுப் போச்சு போல" என்றார்.

தண்டில் ஓரிடத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினேன். மேல்தோல் விலகியதும் அடியில் ஈரப் பச்சை தெரிந்தது. ஒரு துளி வெள்ளைப் பாலும் கசிந்தது. இலை போனாலும் மரம் போகவில்லை.

புதுக் கன்று வாங்கிய பல வீடுகளில் இதையே கண்டிருக்கிறேன். வழியில் பட்ட காயத்தைக் கன்று தாங்கிக்கொள்கிறது. காயத்தைக் கண்டு பதறி நாம் செய்யும் வைத்தியத்தைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை. இதை விளங்கிக்கொள்ள இலைக்குள்ளும் வேருக்குள்ளும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாத இலை

கையில் கத்தி பட்டால் சில நாளில் புதுத் தோல் வளர்ந்து காயம் மூடிவிடுகிறது. முற்றிய இலைக்கு அந்த வழி கிடையாது. இலை விரிந்து முழு அளவை அடைந்ததும் அதன் கலங்கள் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. கிழிந்த இடத்தின் ஓரம் காய்ந்து தக்கைபோல அடைபடும்; கிழிசல் மேலும் பரவாது. ஆனால் அந்த இடம் மறுபடி பச்சையாகாது. கருகிய நுனிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் எந்தப் பசளை போட்டாலும் அது கருகிய நுனியாகவே இருக்கும்.

மரத்தின் தண்டும் இப்படித்தான். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து உள்ளே இருந்த பழைய காயங்களை ஆராய்ந்தார். மரம் கெட்ட பகுதியைத் திருத்துவதில்லை. அதைச் சுற்றி மதில் கட்டிப் பிரித்துவைத்துவிட்டு வெளிப்பக்கமாகப் புதிதாக வளர்ந்துகொண்டு போகிறது என்று கண்டார். 1977இல் வெளியான இந்த விளக்கம் மரம் பேணும் தொழிலையே மாற்றியது. வெட்டிய கொப்பின் முனையில் தாரும் வண்ணமும் பூசினால் உளுத்துப்போவது தடைபடும் என்ற நம்பிக்கையும் அவர் ஆய்வுகளோடு ஆட்டம் கண்டது.

ஆகவே பழைய இலை நடந்து முடிந்ததைச் சொல்கிறது. மரம் இப்போது எப்படி இருக்கிறது என்பதைக் குருத்துத்தான் சொல்லும். நோயாளியின் பழைய தழும்பைப் பார்த்து இன்றைக்கு மருந்து கொடுக்கும் வைத்தியர் எவரும் இல்லை. கன்றுக்கு மட்டும் நாம் அதைச் செய்கிறோம்.

மலையிறங்கிய கன்றும் மலையிறங்கும் காற்றும்

நான் வாங்கிய கன்று கண்டிப் பக்கத்து நாற்றுமேடையொன்றில், நிழல்வலைக்குக் கீழே, ஈரக் காற்றில் வளர்ந்தது. பதினெட்டு வளைவு இறங்கி, மகியங்கனை தாண்டி, அம்பாறை வழியாக ஓர் இரவில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. கச்சானும் அதே மலைகளைத் தாண்டித்தான் எங்களிடம் வருகிறது.

தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரத்தை அங்கேயே இழந்த காற்று கிழக்குச் சரிவில் இறங்குகிறது. வறண்ட காற்று ஒரு கிலோமீற்றர் கீழே இறங்கினால் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறும். மேற்கே நுவரெலியா நனைந்துகொண்டிருக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மட்டக்களப்பும் அம்பாறைக் கரையும் காய்வதற்கு இதுவே காரணம். கடற்காற்றையே தள்ளிவைக்கும் பலத்தோடு கச்சான் வீசும் நாட்களில் மட்டக்களப்பில் வெப்பம் 38 பாகையை எட்டுவதுண்டு.

இலைக்கு இது எத்தனை பெரிய மாற்றம் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். காற்று 30 பாகையில் 80 வீத ஈரப்பதத்தோடு இருக்கும் இடத்தையும், 35 பாகையில் 45 வீத ஈரப்பதத்தோடு இருக்கும் இடத்தையும் எடுத்துக்கொள்வோம். வெப்பத்தில் உள்ள வித்தியாசம் 5 பாகைதான். ஆனால் காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் வலிமை இரண்டாவது இடத்தில் மூன்றரை மடங்கு அதிகம். இலையின் அடிப்பக்கத்தில் உள்ள இலைவாய்கள் வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. போகிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது மரம் இலைவாய்களை மூடுகிறது. அதுவும் போதாமல் போனால், தண்ணீர் கடைசியாகப் போய்ச்சேரும் இடங்களான நுனியும் விளிம்பும் முதலில் கருகுகின்றன.

பயணம் செய்யும் கன்றின் பெரிய எதிரி உலர்ந்த காற்று என்பதை உலகம் அறிந்துகொண்டது ஒரு தற்செயலால். 1829இல் லண்டன் வைத்தியர் நதேனியல் வார்ட் மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் ஈர மண்ணில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வைத்திருந்தார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்தவர், போத்தலுக்குள் பன்னமும் புல்லும் முளைத்து நிற்பதைக் கண்டார். இலை விட்ட ஈரம் கண்ணாடியில் படிந்து மண்ணுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டு அவர் செய்த கண்ணாடிப் பெட்டி, கப்பலில் போகும் செடிகளின் தலைவிதியை மாற்றியது. அதற்கு முன் மாதக்கணக்கான கடற்பயணத்தில் உப்புத் தூறலும் வறட்சியும் பட்டுப் பெரும்பாலான செடிகள் செத்துப்போயின.

இலங்கையின் இறப்பர் தொழில் அந்தப் பெட்டிக்குள்தான் வந்தது. 1876 ஓகஸ்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,900க்கு மேற்பட்ட இறப்பர்க் கன்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில் புறப்பட்டன. பத்தில் ஒன்பது உயிரோடு கொழும்பை அடைந்தன. கம்பஹா ஹேனரத்கொடைத் தோட்டத்தில் அவை வேரூன்றின. அன்றைக்கு அந்தக் கன்றுகளைக் காப்பாற்றியது, அவை இழந்த ஈரத்தை அவற்றுக்கே திருப்பிக் கொடுத்த கண்ணாடி மூடி. கன்று சிறியதானால் நாமும் இதைச் செய்யலாம். ஒளி ஊடுருவும் பொலித்தீன் பையை ஒரு வாரத்துக்குத் தளர்வாகக் கவிழ்த்துவைத்தால் போதும். ஆனால் வெயில் படும் இடத்தில் அப்படிச் செய்தால் உள்ளே வெந்துவிடும். நிழலில் மட்டுமே செய்ய வேண்டும்.

மரமே உதிர்க்கிறது

இலை விழுவதை மரத்தின் தோல்வியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது மரம் எடுக்கும் முடிவு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய கலங்களாலான ஓர் அடுக்கு இருக்கிறது. நல்ல நிலையிலுள்ள இலை ஒட்சின் என்ற பொருளைச் சுரந்து காம்பு வழியாக அனுப்பிக்கொண்டிருக்கும். அது வரும்வரை அந்த அடுக்கு இறுகி நிற்கும். இலை நலிந்து ஒட்சின் குறைந்ததும் எதிலீன் என்ற வாயு வேலையைத் தொடங்குகிறது. அடுக்கிலுள்ள கலங்களை ஒட்டிவைத்த பசை கரைகிறது. சிறு காற்றுக்கே இலை கழன்றுவிடுகிறது. கழன்ற இடம் முன்கூட்டியே அடைபட்டிருப்பதால் மரத்துக்குள் நோய் புகுவதும் அரிது.

எதிலீனை நாங்கள் பெயர் தெரியாமலே பயன்படுத்தி வந்திருக்கிறோம். வாழைக்குலையைக் குழிக்குள் வைத்துப் புகை போட்டுப் பழுக்கவைக்கும்போது, புகையிலுள்ள எதிலீனும் பழம் தானே விடும் எதிலீனும்தான் காயைப் பழமாக்குகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குக்கான வாயுக்குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் காலமல்லாத காலத்தில் இலை உதிர்த்தன. 1901இல் ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி நெல்யூபோவ் அந்த வாயுவிலுள்ள எதிலீனே செடிகளைப் பாதிக்கிறது என்று காட்டினார். மூடிய லொறியில் வாழைக்குலைகளோடு ஒன்றாக ஓர் இரவு வந்த கன்று, வந்து இரண்டொரு நாளில் இலை கொட்டினால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

உதிர்ப்பதற்கு முன் மரம் இன்னொரு வேலையும் செய்கிறது. மஞ்சளாகும் இலையிலிருந்து நைதரசன், பொசுபரசு போன்ற சத்துகளில் ஏறத்தாழப் பாதியைத் தண்டுக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. வீட்டை விட்டுப் போகிறவர் பெறுமதியான பொருளையெல்லாம் எடுத்துக்கொண்டு போவதைப்போல. அதனால் மஞ்சளான இலையைப் பிடுங்க வேண்டாம். தொட்டதும் கையோடு வந்தால் மட்டும் எடுங்கள். பாதி கிழிந்தாலும் மிச்சப் பாதி பச்சையாக இருக்கும் இலை மரத்துக்கு இன்னும் உணவு சமைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணுக்கு அழகில்லை என்று அதை வெட்டுவது, இருக்கிற அடுப்பையும் அணைக்கிற வேலை.

வெயில் இலை, நிழல் இலை

ஒரே மரத்தில் இரண்டு வகை இலை உண்டு. வெயிலில் விரிந்த இலை தடித்தது, சிறியது. நிழலில் விரிந்தது மெல்லியது, அகன்றது, கரும்பச்சை. ஒருமுறை விரிந்த இலையால் தன்னை மற்றதாக மாற்றிக்கொள்வது மிகக் கடினம். நிழல் இலையைத் திடீரென்று வெயிலில் வைத்தால் அது தாங்கும் அளவுக்கு மேல் ஒளி உள்ளே வந்துவிடும். மிச்ச ஒளி பச்சையத்தையே சிதைக்கும். வெயில் நேராக விழும் மேற்பக்கத்தில் வெளிறிய திட்டுகள் தோன்றிப் பிறகு காகிதம்போலக் காய்ந்துவிடும். வெயிலில் வளர்ந்த கன்றை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வேறு பிரச்சினை. தடித்த இலையைப் பேணச் செலவாகும் உணவு, மங்கிய ஒளியில் அது தயாரிக்கும் உணவை விடக் கூடிவிடும். மரம் அந்த இலையைக் கைவிட்டுவிடும்.

பைக்கஸ் பெஞ்சமினா என்ற இந்த இனமே இந்தப் பாடத்தை நாற்றுமேடைக்காரருக்குக் கற்பித்தது. 1970களில் அமெரிக்காவின் புளோரிடாவில், அபொப்கா ஆய்வு நிலையத்தில் சார்ல்ஸ் கொனோவரும் ரிச்சர்ட் பூலும் வீட்டுக்குள் வைத்ததும் இலை கொட்டும் பைக்கஸ் மரங்களை ஆராய்ந்தார்கள். விற்பதற்கு முன் நிழலில் வைத்து, பசளையையும் குறைத்துப் பழக்கிய மரங்கள் வீட்டுக்குள் வந்தபின் குறைவாகவே இலை உதிர்த்தன. ஒளிக்கு மரத்தைப் படிப்படியாகப் பழக்குவது அதற்குப் பிறகுதான் தொழில்முறையாயிற்று. நாற்றுமேடை அதைச் செய்யாமல் விட்டிருந்தால் வாங்கியவர்தான் செய்ய வேண்டும்.

நெல் நிற்கும் தண்ணீரில் பைக்கஸ் ஏன் நிற்பதில்லை

வீரமுனையைச் சுற்றி வயல்தான். பெரும்போகம் முழுவதும் நெல் கணுக்கால் தண்ணீரில் நின்று செழிக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, சாடி மரம் தண்ணீரால் சாகும் என்றால் நம்புவது கடினம்.

வேரும் மூச்சுவிடுகிறது. மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்து அது ஒட்சிசனை எடுக்கிறது. அந்த இடைவெளி தண்ணீரால் நிரம்பினால் ஒட்சிசன் வேரை அடைவது முட்டுப்படும். காற்றில் பரவுவதை விடத் தண்ணீரில் அது ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். நெல்லுக்குத் தண்டிலிருந்து வேர்வரை காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. நெல்வேரைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் நடுவே வெற்றிடங்கள் தெரியும். களப்போரக் கண்டல் மரமும் மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டித் தப்பிக்கொள்கிறது. பைக்கஸ் கன்றின் வேருக்கு இந்த ஏற்பாடு போதாது. மூச்சுமுட்டிய வேர் தண்ணீரை உறிஞ்ச மாட்டாது. மண் சேறாக இருக்கும்போதே இலை வாடித் தொங்கும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுகிறோம்.

சாடியின் அடியில் தண்ணீர் தேங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றபின் அதையே நெட்டாக நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் ஓடும். உயரம் கூடினால் அடியிலுள்ள தண்ணீர் தன் பாரத்தால் வெளியேறுகிறது; உயரம் குறைந்தால் நிற்கிறது. தட்டையான அகலச் சாடியில் மண் எப்போதும் சதசதவென்று இருப்பது இதனால். அடியில் கல்லும் ஓட்டுத் துண்டும் கனமாகப் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது நம் நாட்டில் பரவலான பழக்கம். அது பலன் தராது. கல் அடுக்கு தண்ணீர் தேங்கும் மட்டத்தை வேருக்கு இன்னும் கிட்டக் கொண்டுவருகிறது. துளை அடைபடாமல் ஓர் ஓட்டுத் துண்டு போதும். மண்ணையே பொலபொலப்பாக்குவதுதான் வழி. தும்புத்தூள், ஆற்றுமணல், உமிக்கரி, மக்கிய சாணம் கலந்த மண்ணில் காற்றும் நிற்கும், ஈரமும் நிற்கும்.

எப்போது ஊற்றுவது? வட்டிலாப்பம் வெந்ததா என்று ஈர்க்கால் குத்திப் பார்ப்பதைப்போல, ஓர் ஈர்க்கைச் சாடி மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குச் செருகிக் கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள். ஈரமண் ஒட்டிவந்தால் ஊற்ற வேண்டாம். உலர்ந்து வந்தால் அடித்துளையால் ஓடும்வரை ஊற்றுங்கள். தட்டில் சேர்ந்ததைக் கொட்டிவிடுங்கள். சாடியைத் தூக்கிப் பார்த்துப் பாரத்தாலும் அறியலாம். நாலைந்து தடவை தூக்கினால் கைக்கே கணக்குத் தெரிந்துவிடும்.

உப்பு செய்யும் வேலை

ஆவியாகிப் போவது சுத்தத் தண்ணீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த உப்பு இலையிலேயே தங்கிவிடும். உப்பளத்தில் நடப்பதுதான் இலையின் நுனியிலும் விளிம்பிலும் நடக்கிறது. உவர்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இலை விளிம்பு ஒரே அளவாகக் கருகிவருவதையும் மண்சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளை பூப்பதையும் காணலாம்.

பசளையும் கூடினால் உப்புச் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. மீனுக்கு உப்புப் போட்டால் மீன் தண்ணீர் விட்டுக் கருவாடாவதுபோல, பசளை மிஞ்சிய மண் வேரிலிருந்து தண்ணீரை இழுக்கும். நான் போட்ட ஒரு பிடி யூரியா ஏறத்தாழ 50 கிராம். சாடியின் வாய் 30 சென்ரிமீற்றர் அகலம். அதே கணக்கில் வயலுக்கு வீசினால் ஏக்கருக்கு 2,800 கிலோவுக்கு மேல் வரும். ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு இரண்டு மூடை அளவில் யூரியா போடும் எங்கள் ஊர் விவசாயி எவரிடமும் இந்தக் கணக்கைச் சொன்னால் மரம் ஏன் இலை கொட்டியது என்று உடனே சொல்லிவிடுவார். அடிபட்ட வேர் புதிதாகக் கிளைக்கும்வரை பசளையால் பயனில்லை, கேடுதான்.

உப்பேறிய மண்ணைக் கழுவலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கடல் திரும்பிப் போனபின் கரையோர ஊர்களின் கிணறுகள் உவர்ப்பாய்க் கிடந்தன. வளவுகளில் வாழையும் மாவும் கருகின. மக்கள் கிணறுகளை இறைத்து இறைத்து ஊற்றினார்கள். அளவுக்கு மேல் இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவர்நீர் மேலே ஏறியது. கடைசியில் உப்பைக் கீழே தள்ளியது அடுத்தடுத்து வந்த மாரி மழைதான். சாடியிலும் அதையே சிறிதாகச் செய்யலாம். சாடி கொள்ளும் அளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளையால் ஓடவிட்டால் பெரும்பங்கு உப்புக் கழுவுப்பட்டுவிடும். என் கன்றின் யூரியாவை அப்படித்தான் போக்கினேன். மாரியில் பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது.

காயத்தை வாசித்தல்

இலைக்கு வைத்தியம் இல்லையென்றாலும், காரணத்தைச் சொல்லும் சாட்சி அதுதான். ஒரு பக்கத்தில் மட்டும் கிழிசலும் கறுத்த மடிப்பும் இருந்தால் பயணத்தில் பட்ட அடி. விளிம்பும் நுனியும் கருகினால் வறட்சி அல்லது உப்பு. வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளிறினால் வெயிற்சூடு. அடியிலைகள் மஞ்சளாகித் துவண்டால் தேங்கிய தண்ணீர். புள்ளிகள் இருந்தால் அவற்றின் ஓரத்தில் பேனையால் மெல்லிய கோடு போட்டுவையுங்கள். ஒரு வாரத்தில் புள்ளி கோட்டைத் தாண்டினால் அது பரவும் நோய். அந்த இலையை எடுத்து எரித்துவிடுங்கள். தாண்டாவிட்டால் பழைய காயம், விட்டுவிடலாம்.

பைக்கஸ் இலை நடுநரம்போடு இரண்டாக மடிந்து ஒட்டியிருந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாக ஓடும் சிறு பனிப்பூச்சிகள் இருக்கும். அந்த இலைகளை மட்டும் கிள்ளிப் பையில் கட்டி அகற்றினால் போதும். காம்படியில் பஞ்சுபோல வெள்ளையாக ஒட்டியிருந்தால் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள்.

இந்த வெள்ளைப் பூச்சியை அலட்சியம் செய்யக் கூடாது. மெக்சிக்கோப் பக்கத்தைச் சேர்ந்த பப்பாசி வெள்ளைப் பூச்சி 2008இல் இலங்கையில் முதலில் காணப்பட்டது. பப்பாசி, செவ்வரத்தை, மரவள்ளி என்று வளவு வளவாகப் பரவியது. மருந்தடித்து அடங்காத அதை, ஒரு மில்லிமீற்றருக்கும் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகே அடக்க முடிந்தது. இப்படிப்பட்ட பூச்சிகள் ஊர்விட்டு ஊர் போவதற்குப் பூங்கன்றுச் சாடி நல்ல வாகனம். புதுக் கன்றை வீட்டிலுள்ள மற்றச் சாடிகளோடு மூன்று வாரத்துக்குச் சேர்க்காதீர்கள்.

நாற்பது நாள்

எங்கள் ஊரிலும் பக்கத்துச் சம்மாந்துறை, கல்முனை முஸ்லிம் ஊர்களிலும் பிள்ளை பெற்ற தாயை நாற்பது நாள்வரை காற்றுப் படாமல், பாரம் தூக்கவிடாமல், பத்தியமாகப் பார்த்துக்கொள்வார்கள். புதுக் கன்றுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தும். வெப்பநாட்டு மரமொன்று அறுந்த வேர்நுனிகளைப் புதுப்பித்துப் புதிய ஒளிக்கு ஏற்ற இலையை விரிக்க அவ்வளவு காலம் எடுக்கும்.

முதல் பத்து நாள் கச்சான் நேராக அடிக்காத, கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த வெளிச்சமான நிழலில் வையுங்கள். சாடியை மாற்ற வேண்டாம். திருப்பித் திருப்பி இடம் மாற்றவும் வேண்டாம். ஈர்க்குச் சொல்லும்போது மட்டும் தண்ணீர். இலையில் தண்ணீர் தெளிப்பதால் ஈரப்பதம் சில நிமிடங்களே கூடும்; ஒன்றாக வாங்கிய புதுக் கன்றுகள் பல இருந்தால் அவற்றை நெருக்கிவைப்பது அதைவிடப் பலன் தரும். முழுவதும் காய்ந்த இலைகளை எடுத்துவிடுங்கள். பாதி கருகிய இலையில் கருகிய பகுதியை மட்டும், ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு மிஞ்சும்படி கத்தரியுங்கள். பச்சையில் வெட்டினால் அங்கே புதுக் காயம்.

பத்தாம் நாளிலிருந்து காலை வெயிலில் அரை மணி நேரம் வைத்து, சில நாளுக்கு ஒருமுறை அரை மணி கூட்டுங்கள். இருபது, இருபத்தைந்து நாளில் காம்பு விழுந்த கணுக்களில் குருத்து அரும்பும். கிழிசலும் கறையும் இல்லாத அந்த முதல் இலைகள் முற்றியபின்தான் பசளையைப் பற்றி நினைக்க வேண்டும். அதுவும் பொதியில் எழுதியிருக்கும் அளவில் பாதி. நாற்பது நாள் கழிந்து, வேர் சாடிக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் இரண்டு அங்குலம் பெரிய சாடிக்கு மாற்றலாம். நிலத்தில் நட நினைப்பவர்கள் ஒருமுறை பேராதனைப் பூங்காவுக்குப் போய்வாருங்கள். அங்கே பெரும் புல்வெளியை மூடிப் பரந்து நிற்கும் ராட்சத மரம் இதே பைக்கஸ் பெஞ்சமினாதான். வீட்டு மதிலுக்கும் கிணற்றுக்கும் அருகே அதற்கு இடம் கிடையாது.

என் கன்றில் இருபத்திரண்டாம் நாள் முதல் குருத்தைக் கண்டேன். ஊசிபோல் சுருண்ட வெளிர்பச்சை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாற்பது நாள் முடிவில் கணுவுக்குக் கணு இலை விரிந்திருந்தது. லொறியில் கிழிந்த பழைய இலைகளில் சில அடுத்த மாரிவரை கிழிந்தபடியே மரத்தில் இருந்து, தங்கள் வேலையைச் செய்துவிட்டு, தாமாக மஞ்சளாகி விழுந்தன.

பூங்கன்று வாங்க நினைப்பவர்கள் முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கியபின் வாங்குங்கள். கன்றுக்கு வேண்டிய ஈரக் காற்றை வானமே தரும். கச்சானில் வாங்க நேர்ந்தால், இலை கொட்டுகிறதே என்று கலங்காமல் தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை இருந்தால் நாற்பது நாள் பொறுங்கள்.